அம்மா பேர்ல இருக்கற வீட்டை மகனுக்கு எழுதி வைக்கறது: செட்டில்மென்டா, உயிலா?

நீங்க கேட்டிருக்கறது இதுதான்: மதுரைல அம்மா பேர்ல ஒரு வீடு இருக்கு, அம்மாவுக்கு 71 வயசு, அப்பா தவறி ஒன்பது வருஷம் ஆச்சு, அக்கா கல்யாணமாகி திருப்பூர்ல இருக்காங்க, அம்மா வீட்டை உங்க பேருக்கு எழுதித் தர்றேன்னு சொல்றாங்க, செட்டில்மென்ட் (உயிரோட இருக்கும்போதே காசு வாங்காம சொத்தைத் தானமா எழுதிக் குடுக்கற பத்திரம்) போட்டா எவ்வளவு செலவாகும், உயில் எழுதினா போதுமா, பின்னாடி அக்கா கேஸ் போட முடியுமா. பார்த்தா செலவு பத்தின கேள்வி மாதிரி இருக்கு, ஆனா கடைசி வரில "பின்னாடி எந்தப் பிரச்னையும் வரக்கூடாது"ன்னு போட்டிருக்கீங்க பாருங்க, நிஜமான கேள்வி அதுதான்னு எடுத்துக்கிட்டு பதில் சொல்றேன். நான் வக்கீல் இல்ல, ஆவண எழுத்தர், ஒரு சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிர்ல உக்காந்து 26 வருஷமா பத்திரம் எழுதிட்டு இருக்கேன். உங்க பத்திரத்தை நான் பார்க்கல, அதனால பார்த்தாத்தான் சொல்ல முடியும்ங்கற இடத்துல அதைச் சொல்லிட்டுப் போறேன்.

முதல்ல ஒண்ணு கேக்கறேன், "அம்மா பேர்ல இருக்கு"ன்னு சொல்றீங்களே, எது அம்மா பேர்ல இருக்கு? பத்திரமா, பட்டாவா, வீட்டு வரி ரசீதா? இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேக்கறேன்னா எங்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேரு இங்கதான் தடுக்கி விழறாங்க. அப்பா பேர்ல கிரயம் வாங்கியிருப்பாரு, அப்பா தவறினதும் வாரிசு சர்ட்டிபிகேட் வாங்கி பட்டாவையும் வரியையும் அம்மா பேருக்கு மாத்தியிருப்பாங்க, அதுக்கப்புறம் கரண்ட் பில்லுல இருந்து எல்லாமே அம்மா பேர்ல வந்ததும் வீடே அம்மாவோடதுன்னு குடும்பத்துல எல்லாரும் நம்பிடுவாங்க. அப்படி இல்லைங்க. பட்டா, வரி ரசீது எல்லாம் வருவாய்த்துறை, மாநகராட்சி கணக்கு, அதுவே உரிமையைக் குடுத்துடாது. கிரயப் பத்திரம் அப்பா பேர்ல இருந்து, அது அவரு சொந்தமா சம்பாதிச்சு வாங்கினதா இருந்து, உயில் எதுவும் எழுதாம போயிருந்தா, நீங்க இந்துன்னு வச்சு சொல்றேன், அம்மாவுக்கு ஒரு பங்கு, அக்காவுக்கு ஒரு பங்கு, உங்களுக்கு ஒரு பங்கு, மூணும் சமம். அப்பா தவறினப்ப அப்பாவோட அம்மா, அதாவது உங்க அப்பத்தா உயிரோட இருந்திருந்தா அவங்களுக்கும் ஒரு பங்கு உண்டு, இது பல பேருக்குத் தெரியாது. இந்த நிலைமைல அம்மா முழு வீட்டையும் உங்களுக்கு எழுதி அது பதிவே ஆனாலும் உங்களுக்கு வந்து சேர்றது அம்மாவோட பங்கு மட்டும்தான், அக்கா பங்கு அக்காகிட்டயே இருக்கும். அப்போ அக்கா தனியா உங்களுக்கு ஒரு விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக் குடுக்கற பத்திரம், எழுதிக் குடுக்கணும். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பம்னா பங்கு கணக்கே வேற, முஸ்லிம்கள்ல ஹிபான்னு வாய்மொழியா குடுக்கற தானம் கூட செல்லும், ஆனா குடுத்தேன்னு சொல்லணும், வாங்கிக்கிட்டேன்னு ஏத்துக்கணும், சுவாதீனத்தையும், அதாவது சொத்தைக் கையிலயும், ஒப்படைக்கணும், மூணும் நடக்கணும்.

அதே வீடு அம்மா பேர்லயே கிரயம் ஆகியிருந்தா கதையே வேற. அப்பா சம்பளத்துல வாங்கி அம்மா பேர்ல பதிஞ்சிருந்தாலும் சரி, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது அம்மாவோட தனிச்சொத்து, அவங்க இஷ்டப்பட்டவங்களுக்கு எழுதலாம், அக்கா சம்மதமோ கையெழுத்தோ சட்டப்படி தேவையில்ல. "அது அப்பா காசு, அதுல எனக்குப் பங்கு உண்டு"ன்னு அக்கா கேஸ் போட முடியுமான்னா, போடலாம், யாரு வேணா கேஸ் போடலாம், ஆனா நிரூபிக்க வேண்டிய பாரம் அவங்க மேல விழும், மனைவி பேர்ல கணவன் தன்னோட கணக்குல உள்ள வருமானத்துல வாங்கினதை பினாமிச் சட்டமும் பினாமின்னு சொல்றதில்ல. அதனால இன்னிக்கே பீரோவைத் திறந்து மூலப்பத்திரத்தை எடுத்து "எழுதி வாங்குபவர்"ங்கற இடத்துல யார் பேரு இருக்குன்னு பாருங்க, ஒரு வில்லங்கச் சான்றும் (அந்தச் சொத்து மேல என்னென்ன பத்திரம் பதிவாயிருக்குன்னு காட்டற தாள்) போட்டுப் பாருங்க. பேங்க்ல அடமானம் எதுவும் இருந்தா அதுல தெரிய வாய்ப்பு இருக்கு, இருந்தா பேங்க்கு தெரியாம ஒண்ணும் பண்ணாதீங்க.

இனி செலவு. பத்திரம் அம்மா பேர்ல இருக்குன்னே வச்சுக்குவோம். தமிழ்நாட்டுல குடும்ப உறுப்பினருக்கு எழுதற செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை சொத்து மதிப்புல 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலை 10ம் தேதிக்கு முன்னாடி இந்த உச்சவரம்பு 25,000, 4,000ன்னு இருந்துச்சு, பழைய கணக்கை இன்னும் சில பேரு சொல்லிட்டு இருக்காங்க, நம்பிப் போகாதீங்க. மதிப்புங்கறது நீங்க சொல்ற விலை இல்ல, மனைக்கு அரசாங்கம் நிர்ணயிச்சிருக்கற வழிகாட்டி மதிப்பு, அதோட கட்டடத்துக்கு அவங்க போடற மதிப்பு. வீடும் மனையும் சேர்த்து 20 லட்சம்னா தீர்வை 20,000, கட்டணம் 10,000. 60 லட்சம்னா தீர்வை 40,000ல நின்னுடும், கட்டணம் 10,000, மொத்தமே 50,000தான். அதே 60 லட்சத்துக்கு கிரயம் போட்டா 7 சதவீதம் தீர்வை, 2 சதவீதம் கட்டணம், 5 லட்சத்து 40 ஆயிரம் ஆயிடும். இந்தச் சலுகைல குடும்பம்னா அப்பா, அம்மா, கணவன், மனைவி, மகன், மகள், பேரப்பிள்ளை, கூடப்பிறந்தவங்க, அவ்வளவுதான். மருமக, மருமகன், அண்ணன் பையன் இதுல வரமாட்டாங்க, அவங்களுக்கு எழுதினா கிரயத்துக்கு ஆகற அதே செலவுதான். சில பேரு "என் பேரும் என் மனைவி பேரும் சேர்த்து எழுதிடுங்க"ன்னு வருவாங்க, உங்க மனைவி உங்க அம்மாவுக்கு மருமக, அங்க சலுகை போயிடும், அதனால உங்க பேர்ல மட்டும் வாங்குங்க.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், நீங்க கேக்காத விஷயம் இது. செட்டில்மென்ட் பதிவாயிடுச்சுன்னா அம்மா தனியா போய் அதை ரத்து பண்ண முடியாது. சொத்து மாற்றுச் சட்டம் 126வது பிரிவு தானத்தை எழுதினவங்க இஷ்டத்துக்குத் திரும்ப எடுக்க முடியாதுன்னு சொல்லுது, எழுதினவங்க மட்டும் வந்து செட்டில்மென்டை ரத்து பண்ற பத்திரத்தை சார்பதிவாளர் ஏத்துக்கக் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2022ல சொல்லிடுச்சு, நிபந்தனையோட எழுதின பத்திரமா இருந்தாத்தான் அது வேற விதமா பார்க்கப்படும். வருஷங்களுக்கு முன்னாடி பூ கட்டி விக்கற ஒரு அம்மா பையனுக்கு வீட்டை எழுதினாங்க, எழுதினது நான்தான். விரல் தேய்ஞ்சு போய் ரேகை மெஷின்ல விழவே இல்ல, துடைச்சுத் துடைச்சு வச்சுப் பார்த்தாங்க. மூணு வருஷம் கழிச்சு ஒரு மஞ்சப்பைல அந்தப் பத்திரத்தோட நகலை எடுத்துட்டு வந்து என் முன்னாடி வச்சாங்க, மருமக கூட ஒத்து வரலையாம், பையன் வாடகைக்கு ரூம் பார்த்துக் குடுக்கறேன்னு சொல்றானாம், என் வீட்டை எனக்கே திருப்பி எழுதிக் குடுங்கன்னு கேட்டாங்க. நான் ஒரு வரியைக் காட்டினேன், "இந்தச் செட்டில்மென்டை எக்காலத்திலும் எக்காரணத்தைக் கொண்டும் ரத்து செய்ய எனக்கு உரிமையில்லை". "இதை அன்னிக்கு எனக்குப் படிச்சுக் காட்டினீங்களா"ன்னு கேட்டாங்க. காட்டினேன், ஆனா எல்லாப் பத்திரத்தையும் படிக்கற மாதிரி கடகடன்னு படிச்சேன், பக்கத்துல பையன் நின்னுட்டு இருந்தான், அவங்க தலையை ஆட்டிட்டு இருந்தாங்க. அதுல இருந்து நான் ஒரு பழக்கம் வச்சிருக்கேன், எழுதிக் குடுக்கறவங்க வயசானவங்களா இருந்தா பிள்ளையை டீ குடிச்சுட்டு வாங்கன்னு வெளிய அனுப்பிட்டு, அவங்களைத் தனியா உக்கார வச்சு, நிறுத்தி நிறுத்திப் படிச்சு, "இதுக்கப்புறம் இந்த வீடு உங்களுது இல்லம்மா, தெரியுமா"ன்னு கேட்டு அவங்க வாயால பதில் வாங்கறேன்.

நீங்க நல்ல பிள்ளையாத்தான் இருப்பீங்க, உங்களைச் சொல்லல. ஆனா உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா வீடு உங்க வாரிசுகளுக்குப் போகும், அதுல அம்மாவுக்கும் ஒரு பங்கு வரும்னாலும் மத்தவங்க பங்கு அவங்க கையில இல்ல. அதனால நான் சொல்ற வழி, செட்டில்மென்ட் போடுங்க, ஆனா அம்மாவுக்கு ஜீவிய கால உரிமையை அதுலயே வச்சு எழுதுங்க. "சொத்து இன்று முதல் உன்னைச் சேர்ந்தது, ஆனால் நான் ஜீவித்திருக்கும் வரை மேற்படி வீட்டில் குடியிருக்கவும் வாடகை வந்தால் அதை அடையவும் எனக்கே உரிமை"ன்னு வரணும். உரிமை இன்னிக்கே கைமாறணும், அனுபவம் மட்டும் அம்மாகிட்ட நிக்கணும், இந்த வித்தியாசம்தான் பத்திரத்தோட உயிர். சில எழுத்தர்கள் "என் காலத்திற்குப் பின் இந்தச் சொத்தை நீ அடைந்துகொள்ள வேண்டியது"ன்னு மட்டும் எழுதிடுவாங்க, தலைப்புல செட்டில்மென்ட்னு இருந்தாலும் உள்ள இருக்கற வாசகத்தைப் பார்த்து கோர்ட்டு அதை உயில்னு சொல்லிட வாய்ப்பு இருக்கு, அப்படி ஆனா நீங்க கட்டின தீர்வைக்கு அர்த்தமில்லாம போயிடும், அம்மா பின்னாடி வேற ஒருத்தருக்கு எழுதினாலும் அது செல்லும்னு ஆயிடும். எழுதினவங்க ஆயுள் வரைக்கும் அனுபவத்தைத் தன்கிட்டயே வச்சுக்கிட்டாலும் தானம் செல்லும்னு உச்ச நீதிமன்றம் 2014லயே தீர்ப்பு சொல்லியிருக்கு, அதனால அந்த பயம் வேண்டாம். இதுல ஒரு கஷ்டம் உண்டு, அதையும் சொல்லிடறேன், இப்படி எழுதின வீட்டை வச்சு நீங்க லோன் கேட்டா பேங்க் தயங்கும், அம்மாவும் கையெழுத்துப் போடணும்னு கேக்கும், விக்கப் போனாலும் அம்மா சேர்ந்து வந்தாத்தான் வாங்கறவங்க வருவாங்க. லோனுக்காகத்தான் அவசரமா எழுதறீங்கன்னா எனக்குத் தோணறது, அம்மாவே பேங்க்ல கையெழுத்துப் போட்டு சொத்தைக் காட்டலாம், அதுக்காக வீட்டையே மாத்த வேண்டியதில்ல.

அதோட இன்னொரு வரியும் சேருங்க, பராமரிப்பு வரி. 2007ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, 60 வயசு தாண்டினவங்க தன்னைப் பார்த்துக்கணும்ங்கற நிபந்தனையோட சொத்தை எழுதிக் குடுத்து, வாங்கினவங்க பார்த்துக்கலேன்னா அந்தப் பத்திரம் செல்லாதுன்னு கோட்டாட்சியர் தீர்ப்பாயம் அறிவிக்கலாம். இது வரைக்கும் உறுதி. அந்த நிபந்தனை பத்திரத்துல எழுத்துல இருந்தே ஆகணுமான்னு கேட்டா அங்கதான் இழுபறி. 2022 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்ததுன்னு காட்டணும், இல்லாட்டி 23வது பிரிவு உதவாதுன்னு சொல்லுச்சு. 2025 ஜனவரில அதே உச்ச நீதிமன்றம் இது வயசானவங்க நன்மைக்காக வந்த சட்டம், தாராளமா பொருள் கொள்ளணும்னு சொல்லுச்சு. அதே வருஷம் மார்ச்ல சென்னை உயர் நீதிமன்றம் அன்பும் பாசமும் காரணமா எழுதினதுன்னாலே பார்த்துக்கணும்ங்கறது அதுல அடங்கினதுன்னு சொல்லுச்சு. அடுத்த கேஸ்ல எந்தப் பக்கம் சாயும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஒரே ஒரு வரி, "என் ஆயுள் வரை உணவு, இருப்பிடம், மருத்துவம் ஆகியவற்றைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டு"ன்னு எழுதிட்டா இந்த வாதமே வேண்டாம். அதை எழுதறதுக்கு கூடுதலா ஒரு பைசா செலவு இல்ல. அந்த வரி வேண்டாம்னு ஒரு பிள்ளை என்கிட்ட சொன்னா அந்தப் பத்திரத்தை நான் எழுதறதில்ல.

உயில் போதுமான்னு கேட்டீங்க. உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது, பதிவு கட்டாயமில்ல, வெள்ளைத்தாள்ல எழுதி ரெண்டு சாட்சி போட்டாலே செல்லும், அம்மா நினைச்சா எப்ப வேணா மாத்தலாம், கடைசியா எழுதினதுதான் நிக்கும். அம்மா பக்கத்துல இருந்து பார்த்தா உயில்தான் பாதுகாப்பு, வீடு கடைசி வரைக்கும் அவங்களுதுதான். உங்க பக்கத்துல இருந்து பார்த்தா சிரமம் பின்னாடி வருது, அம்மா காலத்துக்கு அப்புறம் நீங்க உயிலைக் காட்டி பட்டா மாத்தப் போகும்போது அக்கா ஒரு ஆட்சேபணை மனு குடுத்தா போதும், தாலுகா ஆபீஸ்ல கோர்ட்டுக்குப் போய்ட்டு வாங்கன்னுடுவாங்க. கோர்ட்ல உயிலை நிரூபிக்க சாட்சி போட்டவங்கள்ல ஒருத்தராவது வந்து சொல்லணும். அம்மா வயசுல இருக்கற பக்கத்து வீட்டு பெரியவரை சாட்சி போட்டுட்டு அப்புறம் அவரும் இல்லாம தவிச்ச குடும்பங்களைப் பார்த்திருக்கேன், அதனால உயில்னு முடிவு பண்ணா சாட்சிகளை சின்ன வயசுல, ஊர்ல இருக்கறவங்களா பாருங்க, சொத்து வாங்கறவங்க சாட்சி போட வேண்டாம், செலவானாலும் பதிவு பண்ணிடுங்க. அக்காவுக்கும் உங்களுக்கும் நல்ல உறவு இருந்து, அம்மாவுக்கு மனசுல சின்ன தயக்கம் இருந்தாலும் நான் உயில்தான் எழுதச் சொல்வேன். அம்மா எதுவுமே எழுதாம விட்டா நீங்களும் அக்காவும் ஆளுக்குப் பாதி, அதையும் தெரிஞ்சு வச்சுக்கங்க.

அக்கா விஷயத்துல சட்டத்துக்கு மேல ஒண்ணு சொல்றேன். கையெழுத்து தேவையில்லங்கறதுக்காகத் தெரியாம பண்ணாதீங்க. நான் பார்த்த கேஸ்கள்ல பாதிக்கு மேல சொத்து மதிப்புக்காக வந்ததில்ல, "எனக்கு ஒரு வார்த்தை சொல்லல"ங்கறதுக்காக வந்தது. அம்மாவே அக்காவைக் கூப்பிட்டு உக்கார வச்சு சொல்லட்டும், முடிஞ்சா நகையோ பணமோ ஏதாவது ஒண்ணு அவங்களுக்கும் செய்யட்டும். அக்காவை சாட்சியா கையெழுத்துப் போட வச்சா பின்னாடி கேஸ் போட முடியாதுன்னு சில பேரு சொல்வாங்க, அது முழுசா சரியில்ல, சாட்சி கையெழுத்துங்கறது எழுதினவங்க கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன்னு அர்த்தம், உள்ள இருக்கறதுக்கு சம்மதிச்சேன்னு ஆகாது. ஆனா தெரியாது, மறைச்சுட்டாங்கன்னு பின்னாடி சொல்ல முடியாதுல்ல, அந்த அளவுக்கு நல்லதுதான்.

வருமான வரி பத்தி நீங்க கேக்கல, சுருக்கமா சொல்றேன், அம்மா மகனுக்குக் குடுக்கற தானத்துக்கு ரெண்டு பேருக்கும் வரி இல்ல. நீங்க பின்னாடி விக்கும்போது அம்மா வாங்கின விலைதான் உங்க விலையா எடுத்துக்குவாங்க, அதனால பழைய பத்திரத்தைப் பத்திரமா வைங்க.

பதிவு நாளைக்கு அம்மாவால வர முடியலேன்னா சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவு பண்ண சட்டத்துல இடம் இருக்கு, மனு குடுத்து தனிக் கட்டணம் கட்டணும். வயசைப் பார்த்து, அதுக்கு ரெண்டு மூணு நாளைக்குள்ள ஒரு டாக்டர்கிட்ட தெளிவான சிந்தனையோட இருக்காங்கன்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கி வைங்க, கேக்கமாட்டாங்க, ஆனா பத்து வருஷம் கழிச்சு அந்த ஒரு தாள் பேசும். ரெண்டு சாட்சி வேணும், நீங்களும் ஏத்துக்கிட்டதா கையெழுத்துப் போடுங்க, ஏன்னா அம்மா உயிரோட இருக்கும்போதே தானத்தை வாங்கறவங்க ஏத்துக்கணும்ங்கறது சட்டம். கையெழுத்துப் போட்ட நாள்ல இருந்து நாலு மாசத்துக்குள்ள பதிவுக்குத் தாக்கல் பண்ணிடணும். உட்பிரிவு பண்ண, அதாவது சர்வே நம்பரைப் பிரிக்க, தேவையில்லாத மனைன்னா பட்டா மாறுதலுக்கு அங்க இருந்தே ஆன்லைன்ல போயிடும், மாறிடுச்சான்னு நீங்கதான் பார்த்துக்கணும், சொத்து வரி, தண்ணி வரி, கரண்ட் கனெக்ஷன் எல்லாம் தனித்தனியா எழுதிக் குடுத்து மாத்தணும். ஜீவிய கால உரிமை வச்சு எழுதினா ஒரிஜினல் அம்மா பீரோவுலயே இருக்கட்டும், நீங்க ஒரு சான்றிட்ட நகல் போட்டு வச்சுக்கங்க.

இதுக்கெல்லாம் முன்னாடி மூலப்பத்திரத்துல யார் பேரு, எந்த வருஷம்னு மட்டும் பார்த்து இங்க எழுதுங்க, சர்வே நம்பர், கதவு நம்பர் எதுவும் போட வேண்டாம். அப்பா பேர்ல இருந்தா நான் மேல சொன்னதுல பாதி மாறிடும், அப்போ அக்காகிட்ட எப்படி விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கறதுன்னு தனியா சொல்றேன்.